முப்பத்தெட்டாம் இடத்தில் இருப்பவர்: ஃபேன்கிராஃப்ஸ் ‘தி போர்டு’ பற்றி ஒரு மதிப்புரை

அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள மைனர் லீக்குகளில் ஆடும் இளைஞர்களைத் தரம் பிரித்து வரிசைப்படுத்தும் சேவைகளில் மூன்றை நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன்: ஃபேன்கிராஃப்ஸ் தளத்தின் ‘தி போர்டு’, பேஸ்பால் அமெரிக்கா இதழின் பட்டியல்கள், மேஜர் லீக் நிர்வாகமே நடத்தும் எம்எல்பி பைப்லைன். இந்த மதிப்புரை முதலாவதைப் பற்றியது. மற்ற இரண்டும் ஒப்பீட்டுக்காக மட்டும் வருகின்றன. நான் வட கரோலினாவில் டர்ஹாம் நகருக்கு அருகில் வசிக்கிறேன். டாம்பா பே ரேஸ் அணியின் ட்ரிபிள்-ஏ (மைனர் லீக்கின் உச்ச நிலை) கிளையான டர்ஹாம் புல்ஸ் ஆடும் மைதானம் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருப்பதால், பட்டியலில் படித்த பெயரைச் சில நாட்களிலேயே நேரில் பார்த்து ஒப்பிட முடிகிறது. அந்த வசதி இல்லாவிட்டால் இதை எழுதத் துணிந்திருக்க மாட்டேன்.

ஒரு பட்டியலின் தரத்தை அதன் முதல் பத்துப் பெயர்களைக் கொண்டு அளக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதல் பத்துப் பேரை யார் வேண்டுமானாலும் ஓரளவு சரியாகச் சொல்லிவிடலாம். பேஸ்பால் அமெரிக்கா 1990-இல் முதன்முறையாக நூறு பேர் பட்டியலை வெளியிட்டது. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் அதன் முதலிடத்தில் சிப்பர் ஜோன்ஸ், அலெக்ஸ் ரோட்ரிகெஸ், ஜோ மாவர், பிரைஸ் ஹார்ப்பர், ரொனால்ட் அகூனியா ஆகியோர் இருந்திருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க நுட்பமான கண் தேவையில்லை. அவர்களுள் பெரும்பாலோரைப் பற்றிப் பள்ளிப் பருவத்திலிருந்தே நாடே பேசிக்கொண்டிருந்தது. மூன்று சேவைகளின் முதல் பத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஏழெட்டுப் பெயர்கள் எப்போதும் பொதுவாகவே இருக்கும். ஓர் அணியின் பட்டியலில் முப்பத்தெட்டாம் இடத்தில் இருக்கும் இருபத்து மூன்று வயது இளைஞரைப் பற்றி அந்தச் சேவை என்ன எழுதியிருக்கிறது, எதை அடிப்படையாக வைத்து எழுதியிருக்கிறது என்பதில்தான் அதன் உழைப்பு தெரியும்.

இந்த உலகின் பரப்பைச் சொன்னால்தான் அந்த உழைப்பின் அளவு விளங்கும். 2021-இல் மைனர் லீக் அமைப்பு மாற்றி அமைக்கப்பட்ட பிறகு, மேஜர் லீக்கின் 30 அணிகளுக்கும் தலா நான்கு என்ற கணக்கில் 120 கிளை அணிகள் உள்ளன: மேலிருந்து கீழாக ட்ரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ. அவற்றுக்குக் கீழே ஃப்ளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி வளாகங்களில் நடக்கும் தொடக்கநிலை லீக்குகளும், பதினேழு பதினெட்டு வயதுச் சிறுவர்கள் ஆடும் டொமினிகன் கோடை லீக்கும் உள்ளன. ஆட்டக் காலத்தில் ஓர் அணி அமெரிக்காவுக்குள் 165 மைனர் லீக் வீரர்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது இப்போதைய விதி. முப்பது அணிகளையும் சேர்த்தால் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் ஆகிறார்கள். இவர்களுள் பெரும்பாலோர் மேஜர் லீக் மைதானத்தில் ஒரு நாளும் கால் வைக்கப் போவதில்லை. அந்த ஐயாயிரத்தில் யாரைக் கவனிக்க வேண்டும் என்பதே இத்தகைய சேவையிடம் நாம் கேட்கும் கேள்வி.

‘தி போர்டு’ என்பது, சுருக்கமாகச் சொன்னால், விரும்பியபடி வரிசை மாற்றக்கூடிய ஒரு பெரிய அட்டவணை. முப்பது அணிகளின் வளரும் வீரர்களும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் தேர்வு செய்யப்படவிருக்கும் மாணவர்களுக்கும் வெளிநாட்டு இளைஞர்களுக்கும் தனித்தனிப் பக்கங்கள் உள்ளன. ஒவ்வொரு வரியிலும் வீரரின் பெயர், அணி, வயது, ஆடும் இடம், மேஜர் லீக்கை எட்டக்கூடிய ஆண்டு ஆகியவற்றோடு, வருங்கால மதிப்பு என்ற ஒற்றை எண்ணும் இருக்கும். அதைத் தொடர்ந்து ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனி மதிப்பெண்கள் வரும். மதிப்பெண்கள் யாவும் ஸ்கவுட்டுகள் (அணிகளுக்காக வீரர்களை நேரில் பார்த்து மதிப்பிடுபவர்கள்) பல தலைமுறைகளாகப் பயன்படுத்தும் இருபது முதல் எண்பது வரையிலான அளவுகோலில் அமைந்தவை. இந்த அளவுகோலில் 50 என்பது மேஜர் லீக்கின் சராசரி. ஒவ்வொரு பத்து மதிப்பெண்ணும் ஒரு திட்ட விலக்கத்தைக் குறிக்கிறது. ஆகவே 60 என்பது நன்று, 70 மிக நன்று, 80 தலைமுறைக்குச் சிலருக்கே வாய்ப்பது.

மட்டையாளர்களின் வலிமையை இந்த அட்டவணை இரண்டாகப் பிரித்துக் காட்டுவது எனக்கு மிகவும் பயன்பட்டிருக்கிறது. பயிற்சியின்போது, எளிதாக எறியப்படும் பந்தை எவ்வளவு தூரம் அடிக்க முடியும் என்பது மூல வலிமை. உண்மையான ஆட்டத்தில், வளைந்தும் தாழ்ந்தும் வரும் பந்துகளுக்கு எதிராக அதில் எவ்வளவு வெளிப்படுகிறது என்பது ஆட்ட வலிமை. ஒருவருக்கு மூல வலிமை 60 என்றும், ஆட்ட வலிமை 30/50 என்றும் எழுதியிருந்தால், சாய்கோட்டுக்கு முன் உள்ளது இன்றைய நிலை, பின் உள்ளது எதிர்பார்க்கப்படும் நிலை. அந்த மூன்று எண்களுக்குள் ஒரு முழுக் கதை அடங்கியிருக்கிறது: கையில் பலம் இருக்கிறது, ஆனால் அவர் பந்தைத் தரையை நோக்கி அடிக்கிறார், அல்லது அடிக்கக் கூடாத பந்துகளைத் துரத்துகிறார், அது திருத்தக்கூடிய குறை என்று எழுதியவர் நம்புகிறார். ஹோம் ரன் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இந்த இளைஞரைக் கடந்து போய்விடுவார். மேலோட்டமான புள்ளிவிவரத்துக்கும் அடியில் இருக்கும் திறனுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் கவனிக்கப்படாத வீரர்கள் பெரும்பாலும் மறைந்திருக்கிறார்கள். அந்த இடைவெளியை எண்ணாகவே எழுதிக் காட்டுவது இந்தச் சேவையின் பெரிய பலம்.

சென்ற கோடையில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, என் மகளோடு டர்ஹாம் மைதானத்துக்குப் போயிருந்தேன். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் ஸ்கவுட்டுகள் வேகமானிக் கருவிகளோடு உட்காரும் வரிசைகளுக்கு நாலைந்து வரிசை மேலே எங்களுக்கு இடம் கிடைத்தது. அவள் ஸ்கோர் அட்டையைப் பென்சிலால் நிரப்பிக்கொண்டே வந்தாள். எட்டாவதாக அடிக்க வந்த எதிரணி வீரர் ஒருவர், இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்குச் சென்ற சாதாரணத் தரைப் பந்தை ஏறக்குறைய ஹிட் ஆக்கிவிடும் வேகத்தில் ஓடியதைப் பார்த்துவிட்டு, “அப்பா, இவரு பேரு உங்க லிஸ்ட்ல இல்லையே?” என்று கேட்டாள். நான் அச்சிட்டு எடுத்துப் போயிருந்தது நூறு பேர் பட்டியல். அதில் அவர் இல்லை. கைபேசியில் போர்டைத் திறந்து அவருடைய அணியின் பட்டியலைப் பார்த்தபோது, முப்பதுக்கும் கீழே ஓரிடத்தில் அவர் இருந்தார். ஓட்டத்துக்கு 60 கொடுத்திருந்தார்கள். அந்த ஆண்டு அவர் திருடிய பேஸ்கள் (பந்து வீசப்படும்போதே ஓடி எட்டிய அடுத்த பேஸ்கள்) மிகக் குறைவு என்பதால் எனக்குச் சற்று ஐயம் எழுந்தது. அடுத்த இரண்டு முறையும், மட்டை பந்தைத் தொட்ட கணத்திலிருந்து கால் முதல் பேஸை மிதிக்கும் கணம் வரை கைபேசிக் கடிகாரத்தில் நேரம் எடுத்தேன். வலக்கை மட்டையாளர் ஒருவருக்கு அந்தத் தொண்ணூறு அடியைக் கடக்க 4.3 வினாடி என்பது சராசரி, அதாவது 50, 4.2 வினாடி என்றால் 60. இரண்டு முறையும் அவர் 4.2-ஐ ஒட்டியே ஓடினார். பேஸ் திருடுவது ஓட்ட வேகத்தோடு, பிட்சரின் (பந்து வீசுபவரின்) அசைவைப் படிக்கும் திறனையும் அணியின் கொள்கையையும் சார்ந்தது. எழுதியவர் அவற்றைக் கலந்துவிடாமல் கால்களை மட்டும் அளந்து எழுதியிருந்தார். முப்பதுக்குக் கீழே இருக்கும் ஒருவருக்கு இத்தனை கவனம் கொடுத்திருந்தது எனக்கு மிகுந்த மதிப்பை உண்டாக்கியது.

எண்களைவிட எனக்கு முக்கியமானவை அவற்றோடு வரும் குறிப்புகள். அணிவாரியாக வெளிவரும் பட்டியல்களில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு பத்தியேனும் எழுதுகிறார்கள். முன்னணி வீரர்களுக்கு அது பல பத்திகளாக நீள்கிறது. தலைமை ஆய்வாளரான எரிக் லாங்கன்ஹேகன் அரிசோனாவில் இருந்து பணியாற்றுபவர். பயிற்சி வளாகங்களின் பின்புற மைதானங்களில், பார்வையாளரே இல்லாத காலை ஆட்டங்களைப் பார்த்து எழுதும் பழக்கம் அவருடைய குறிப்புகளில் தெளிவாகத் தெரிகிறது. பட்டியல் முப்பதோடு நின்றுவிடுவதில்லை. நல்ல வளமுள்ள அணிகளுக்கு நாற்பது, ஐம்பது என்று நீள்கிறது. அதற்கும் கீழே, தரவரிசைக்குள் வராத பெயர்களை வகை பிரித்துத் தருகிறார்கள்: வேகம் உண்டு, கட்டுப்பாடு இல்லாத பிட்சர்கள், மட்டை நன்று, ஆடுவதற்கு இடம் இல்லாதவர்கள், இன்னும் உடல் வளராத சிறுவர்கள் என்பது போல. இந்தக் கடைசிப் பகுதியைப் பலர் படிப்பதே இல்லை என்று நினைக்கிறேன். நான் ஒவ்வொரு பட்டியலையும் அங்கிருந்துதான் படிக்கத் தொடங்குகிறேன்.

வீரர்கள் ஏன் கவனிக்கப்படாமல் போகிறார்கள் என்பதற்குப் பழைய கதைகள் சிலவற்றை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் இந்தக் குறிப்புகளின் பயன் இன்னும் கூடும். ஹோசே அல்டூவேயை எடுத்துக்கொள்வோம். வெனிசுவேலாவின் மராக்காய் நகரில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் நடத்திய தேர்வில், உயரம் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர். மறுநாளும் வந்து நின்று, 2007-இல் 15,000 டாலருக்குக் கையெழுத்திட்டார். 2011-இல் ஹை-ஏ, டபுள்-ஏ ஆகிய இரண்டு நிலைகளிலும் சேர்த்து 0.389 சராசரியில் (மட்டை முயற்சி ஆயிரத்துக்கு 389 ஹிட் என்ற வீதத்தில்) அடித்தார். ஆயினும் பேஸ்பால் அமெரிக்காவின் நூறு பேர் பட்டியலில் அவர் ஒருமுறைகூட இடம்பெறவில்லை. ஐயப்பட்டவர்களிடமும் நியாயம் இருந்தது: ஹை-ஏ ஆட்டங்கள் நடந்த கலிஃபோர்னியாவின் லான்காஸ்டர் மைதானம், காற்றின் போக்கால் மட்டையாளர்களுக்கு அளவுக்கு மீறிச் சாதகமாக இருந்த இடம். ஆனால் கார்ப்பஸ் கிறிஸ்டியில், அத்தகைய காற்று உதவாத டபுள்-ஏ நிலையிலும் அவர் 0.361 அடித்தார் என்பதும், அப்போது அவருக்கு வயது 21 தான் என்பதும் அதே ஆண்டின் புள்ளிவிவரங்களில்தான் இருந்தன. மைதானத்தின் சாதகத்தைக் கழித்துவிட்டு, நிலைக்கேற்ற வயதைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு விடை தெரிந்திருக்கும். அவர் பிறகு மூன்று முறை அமெரிக்கன் லீக்கின் சிறந்த சராசரிக்கான பட்டத்தையும், 2017-இல் மிக மதிப்புமிக்க வீரர் விருதையும் வென்றார்.

ஜேக்கப் டிக்ராம் மறைந்திருந்த காரணம் வேறு. கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடிக்கொண்டிருந்தவர். பந்து வீசத் தொடங்கியதே தாமதம். 2010-இல் ஒன்பதாம் சுற்றில் 272-ஆவதாக நியூயார்க் மெட்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டே முழங்கை அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்ததால் 2011 முழுவதும் வீணானது. மேஜர் லீக்குக்கு வந்தபோது அவருக்கு வயது 25. வயதை மட்டும் பார்த்தவர்களுக்கு அவர் தாமதமானவர். தோளில் எத்தனை ஆண்டுத் தேய்மானம் இல்லை என்று பார்த்தவர்களுக்கு அவர் புதியவர். 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அவர் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்றார். பால் கோல்ட்ஷ்மிட் எட்டாம் சுற்றுத் தேர்வு. வலக்கையால் அடிக்கும் முதல் பேஸ் வீரர் என்றாலே பட்டியல்கள் தயங்கும், ஏனெனில் அந்த இடத்தில் ஆடுபவர் மட்டையால் மட்டுமே தம்மை நிரூபிக்க வேண்டும். அவரும் 2022-இல் நேஷனல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரரானார். மைக் பியாட்சாவின் கதை எல்லோருக்கும் தெரிந்ததே: 1988-இல் 62-ஆம் சுற்றில், 1390-ஆவது தேர்வு. அவர் மேஜர் லீக்கில் அடியெடுத்து வைத்த 1992-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பேஸ்பால் அமெரிக்கா பட்டியலின் முதலிடத்தில் இருந்தவர், எங்கள் மாநிலத்தின் கடலோர ஊரான போஃபர்ட்டைச் சேர்ந்த பிரையன் டெய்லர். 1991 டிராஃப்டின் முதல் தேர்வாக யாங்கீஸ் அணியிடம் 15.5 லட்சம் டாலர் பெற்ற அந்த இடக்கை பிட்சர், 1993 டிசம்பரில் தோளில் பட்ட காயத்துக்குப் பின் மேஜர் லீக்கை எட்டவே இல்லை. இங்குள்ள மூத்த ரசிகர்கள் அவரைப் பற்றி இன்றும் வருத்தத்தோடுதான் பேசுகிறார்கள்.

உயரம், வயது, காயம், ஆடும் இடம், மைதானத்தின் தன்மை ஆகிய ஐந்தையும் போர்டில் ஒரே வரியிலோ, அதன் குறிப்பிலோ பார்க்க முடிகிறது. அட்டவணையை வயதுப்படி வரிசைப்படுத்தி, டபுள்-ஏயிலோ அதற்கு மேலோ ஆடும் 21 வயதுக்கு உட்பட்டவர்களை மட்டும் எடுத்து, அவர்களுள் வருங்கால மதிப்பு 40 அல்லது 40+ என்று இருப்பவர்களின் குறிப்புகளைப் படிப்பது என் வழக்கம். 50 என்றால் மேஜர் லீக்கில் நாள்தோறும் ஆடும் சராசரி வீரர். 45 என்றால் இடக்கை அல்லது வலக்கை பிட்சர்களுக்கு எதிராக மட்டும் ஆடுபவர் அல்லது சுழற்சியின் கடைசியில் வரும் தொடக்க பிட்சர். 40 என்றால் மாற்று வீரர் வரிசையில் உட்காருபவர். அந்த எண்ணோடு ஒட்டியிருக்கும் சிறிய கூட்டல் குறிக்கு நிறையப் பொருள் உண்டு. அடுத்த படிக்கு ஏறக்கூடியவர் என்று எழுதியவருக்கு உள்ளுணர்வு சொல்கிறது, சான்று இன்னும் போதவில்லை என்பதே அதன் பொருள். அந்தக் கூட்டல் குறிகளின் மீதுதான் என் குறிப்பேட்டின் பெரும்பகுதி கட்டப்பட்டிருக்கிறது.

அதே தளத்தின் மைனர் லீக் புள்ளிவிவரப் பக்கங்களையும் இதனோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும். மட்டையை வீசித் தவறவிடும் விகிதம், பிட்சரின் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்குகளில் மட்டையாளரை வெளியேற்றுவது) விகிதத்திலிருந்து இலவச நடையின் (நான்கு தவறான பந்துகளுக்காக மட்டையாளர் முதல் பேஸுக்குச் செல்வது) விகிதத்தைக் கழித்த எண், லீக்கின் சராசரியோடு ஒப்பிட்டு நூறை அடிப்படையாகக் கொண்டு அளக்கப்படும் மட்டைவீச்சு மதிப்பு ஆகிய மூன்றும் அங்கே கிடைக்கின்றன. 2018 டிராஃப்டில் ஒன்பதாம் சுற்றில் எடுக்கப்பட்ட டாரிக் ஸ்கூபல், 2019-இல் டெட்ராய்ட் அணியின் டபுள்-ஏ கிளையான ஈரியில் 42⅓ இன்னிங்ஸில் 82 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். இப்படிப்பட்ட எண் எந்த வாரத்தில் தோன்றத் தொடங்குகிறது என்று பார்க்கப் பழகிக்கொண்டால், பட்டியல் திருத்தப்படுவதற்கு முன்பே பெயர் நம் கண்ணில் பட்டுவிடும். அவர் 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்கன் லீக்கின் சை யங் விருதை வென்றிருக்கிறார்.

அணிகளின் கணக்கு வழக்கைப் புரிந்துகொள்ளவும் இந்தச் சேவை எனக்கு உதவியிருக்கிறது. ஓர் அணி தன் மேஜர் லீக் ஒப்பந்த வீரர்களின் நாற்பது பேர் பட்டியலில் சேர்த்துப் பாதுகாக்காத வீரர்களை, குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்த பின், ஐந்தாம் விதி டிராஃப்டில் பிற அணிகள் எடுத்துக்கொள்ளலாம்: 18 வயதிலோ அதற்கு முன்போ கையெழுத்திட்டவருக்கு ஐந்து பருவங்கள், அதற்குப் பின் கையெழுத்திட்டவருக்கு நான்கு. 2021 நவம்பரில், பாதுகாக்க வேண்டியவர்கள் அதிகமாகி இடம் போதாமல் இருந்த ரேஸ் அணி, மேல் நிலைகளில் வீசிக்கொண்டிருந்த டோபியாஸ் மயர்ஸ் என்ற பிட்சரை கிளீவ்லாண்டுக்குக் கொடுத்துவிட்டு, டொமினிகன் கோடை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த ஹூனியோர் கமினேரோ என்ற 18 வயது இளைஞரைப் பெற்றுக்கொண்டது. அவரைப் பாதுகாக்க வேண்டிய கட்டாயம் அப்போது இல்லை. அன்று அந்தச் செய்தி ஒரு வரியில் முடிந்துபோயிற்று. 2024-இல் அவர் டர்ஹாமில் ஆடியபோது, மட்டையில் பந்து படும் ஓசைக்கே இருக்கைகளில் பேச்சு நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2025-இல் ரேஸ் அணிக்காக 45 ஹோம் ரன்கள் அடித்தார். இந்த விதியின் நெருக்கடி எந்த அணியை எப்போது அழுத்துகிறது என்று தெரிந்து வைத்திருப்பவர், நவம்பரில் நடக்கும் சிறிய பரிமாற்றங்களில் வரும் பெயர் தெரியாத சிறுவர்களை அலட்சியம் செய்ய மாட்டார். போர்டின் குறிப்புகள் இந்தக் கோணத்தை விடாமல் எடுத்துச் சொல்கின்றன.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவதும் பெரியதும், அந்த ஒற்றை வருங்கால மதிப்பு எண்தான். எட்டக்கூடிய உயரம், தோல்விக்கான வாய்ப்பு, மேஜர் லீக்கிலிருந்து இருக்கும் தூரம் ஆகிய மூன்றையும் ஒரே எண்ணுக்குள் கரைத்துவிடும்போது, முற்றிலும் வேறுபட்ட இருவர் ஒரே படியில் நிற்கிறார்கள். ட்ரிபிள்-ஏயில் மூன்றாம் ஆண்டாக ஆடும், நாளையே மாற்று வீரராக வரக்கூடிய 26 வயதுக்காரருக்கும் 40. 98 மைல் வேகத்தில் வீசினாலும் பந்து எங்கே போகும் என்று தெரியாத 19 வயதுக்காரருக்கும் 40. குறிப்பைப் படித்தால் வேறுபாடு விளங்கும். அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு விளங்காது. இந்த ஒரு விஷயத்தில் பேஸ்பால் அமெரிக்காவின் முறை எனக்கு நேர்மையானதாகத் தோன்றுகிறது: அவர்கள் மதிப்பெண்ணையும் அபாயத்தின் அளவையும் தனித்தனியே எழுதுகிறார்கள்.

இரண்டாவது குறை காலம் சார்ந்தது. முப்பது அணிகளின் பட்டியல்களும் ஒரே நாளில் வருவதில்லை; ஒன்று குளிர்காலத்தில் வந்தால் இன்னொன்று வசந்தத்திலோ கோடையிலோ வருகிறது. அதனால், போர்டில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பெயர்களுள் ஒன்றின் மதிப்பீடு சென்ற பருவத்தை மட்டும் பார்த்து எழுதப்பட்டிருக்கும், மற்றொன்று இந்தப் பருவத்தின் இரண்டு மாதங்களையும் கணக்கில் எடுத்திருக்கும். ஒவ்வொரு அணியின் பட்டியலுக்கும் உரிய தேதியைப் பார்த்த பிறகே ஒப்பிட வேண்டும். நேரில் பார்த்து எழுதுகிறார்கள் என்பதே பெருமையாக இருக்கும் இடத்தில், ஒவ்வொரு பட்டியலுக்கும் இவ்வளவு காலம் பிடிப்பதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாக வருபவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, வெளியிலிருந்து எழுதும் எவருக்கும் உள்ள எல்லை. 2023 முதல் ட்ரிபிள்-ஏ ஆட்டங்களின் பந்து வேகம், சுழற்சி, மட்டையிலிருந்து புறப்படும் வேகம் ஆகிய அளவுகளைப் பொதுமக்களும் பார்க்கலாம். ஃப்ளோரிடாவின் சிங்கிள்-ஏ லீக்குக்கும் அந்த வசதி உண்டு. இடையிலுள்ள ஹை-ஏ, டபுள்-ஏ நிலைகளின் அளவுகள் அணிகளிடம் இருக்கின்றன, நம்மிடம் இல்லை. குறிப்புகளில் அத்தகைய எண் ஒன்று வரும்போது அதை நாம் நம்பித்தான் ஆக வேண்டும், சரிபார்க்க வழியில்லை. மருத்துவ அறிக்கைகளோ யாருக்கும் கிடைப்பதில்லை. தாய் வழியில் இந்திய வேர்களைக் கொண்டவர் என்பதால் நம்மவர்களும் ஆவலோடு கவனித்த குமார் ராக்கரின் பாதை இதற்குச் சான்று: 2021-இல் பத்தாவது தேர்வாக மெட்ஸ் அவரை எடுத்து, மருத்துவப் பரிசோதனைக்குப் பின் ஒப்பந்தம் செய்யாமல் விட்டது, அவர் எந்த மேஜர் லீக் அணியையும் சாராத ஃப்ரான்டியர் லீக்கில் வீசிவிட்டு, 2022-இல் மூன்றாவது தேர்வாக டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்குப் போனார், 2023-இல் முழங்கை அறுவை சிகிச்சை, 2024 செப்டம்பரில் மேஜர் லீக்கில் முதல் ஆட்டம். இந்த ஏற்ற இறக்கத்தை எந்தப் பட்டியலாலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

மற்ற இரண்டு சேவைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேஸ்பால் அமெரிக்கா 1981-இல் தொடங்கியது. அணிக்கு முப்பது பேர் வீதம் தொள்ளாயிரம் வீரர்களைப் பற்றிய அதன் ஆண்டுக் கையேடு 2001 முதல் வருகிறது. அணி நிர்வாகிகளிடமும் பயிற்சியாளர்களிடமும் எதிரணியினரிடமும் விசாரித்து எழுதுவதில் அவர்களுக்கு இருக்கும் அனுபவம் வேறு எவருக்கும் இல்லை; வீரரின் உழைப்பு, குணம், புதிதாகக் கற்றுக்கொண்ட பந்து ஆகியவற்றை அறிய அதையே நாடுகிறேன். பணம் கட்ட வேண்டும், கட்டலாம். எம்எல்பி பைப்லைன் இலவசம், பார்க்க எளிது, பருவத்தின் நடுவிலும் திருத்தப்படுகிறது. பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த அதுவே ஏற்றது. ஆனால் அது முப்பதாவது பெயரோடு நின்றுவிடுகிறது. நான் தேடும் ஆட்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறார்கள்.

போர்டில் நான் மிகவும் மதிக்கும் இன்னொரு பண்பு, பழைய ஆண்டுகளின் பட்டியல்களை அவர்கள் அகற்றிவிடாமல் வைத்திருப்பது. ஆண்டைத் தேர்ந்தெடுத்தால் அன்று எழுதப்பட்ட மதிப்பெண்கள் அப்படியே வருகின்றன; சரியாகக் கணித்தவையும் தவறிப்போனவையும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. தவறிப்போன மதிப்பீடுகளைப் படிப்பதில் நான் பல குளிர்கால இரவுகளைச் செலவிட்டிருக்கிறேன். எந்த வகை வீரரை இவர்கள் தொடர்ந்து குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது அங்கேதான் தெரிய வருகிறது. என் அனுபவத்தில், வலிமை குறைந்த, ஆனால் பந்தை அரிதாகவே தவறவிடும் சிறிய உருவம் கொண்ட உள்கள வீரர்களும், சிறிய கல்லூரிகளிலிருந்து வரும் வலக்கை பிட்சர்களும் மெதுவாகவே மேலேறுகிறார்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் யோசனை இது. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கிளை அணி எந்த மேஜர் லீக் அணியைச் சேர்ந்தது என்று பார்த்து, அந்த ஒரு பட்டியலை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை, தரவரிசைக்கு வெளியே உள்ள பெயர்களையும் சேர்த்து, ஏப்ரல் மாதத்துக்குள் படித்து முடியுங்கள். அவர்களுள் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்ட ஒரு மதிப்பெண்ணை, ஓட்டமோ, கை வலிமையோ, பந்து வேகமோ, மைதானத்தில் நீங்களே சரிபாருங்கள். நான் அடுத்த பருவத்துக்காகத் தேர்ந்தெடுத்த ஐவரில் ஒருவர், அன்று மாலை 4.2 வினாடியில் ஓடிய அந்த எட்டாவது மட்டையாளர். அவருடைய அணி மே மாத இறுதியில் டர்ஹாமுக்கு வந்து ஆறு ஆட்டங்கள் ஆடுகிறது. வியாழக்கிழமை ஆட்டத்துக்கு என் மகள் இப்போதே இரண்டு இருக்கைகளைக் குறித்து வைத்திருக்கிறாள்.